வாசலில் கேட்கும் அனுமதி

நம் வீடுகளுக்கு வருபவர்கள் வாசலில் நின்று ஸலாம் சொல்கிறார்கள். "வாங்க" என்று குரல் கேட்ட பிறகே உள்ளே வருகிறார்கள். மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுங்கு. அப்படித் திரும்புவதில் அவமானமும் இல்லை, பகையும் இல்லை.

இந்த அழகிய ஒழுங்கை நாம் வாசற்படியோடு நிறுத்திவிட்டோமோ?

சென்ற வருடம் தோழி ஒருத்தி என் கைத்தொலைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்டாள். "என்னை நம்பினால் தா" என்றாள். மறுத்தால் நட்பு முறிந்துவிடும் என்ற பயத்தில் கொடுத்தேன். என் ராத்தா மனம்விட்டு எனக்கு எழுதியிருந்த செய்தியை அவள் வாசித்தாள். இரண்டே நாட்களில் அது வகுப்பில் பேச்சாகிவிட்டது. முதலில் அவள்மீதுதான் கோபம் வந்தது. பிறகுதான் என் தவறும் புரிந்தது. அந்தச் செய்தி ராத்தா என்னிடம் ஒப்படைத்த அமானிதம். "முடியாது" என்ற ஒரு சொல்லைச் சொல்லத் தயங்கி, அவளுடைய இரகசியத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

தோழியரே, மறுப்பதற்குச் சண்டை தேவையில்லை. "இதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, உன்மீது கோபமுமில்லை" என்றால் போதும். அதேபோல் இன்னொருத்தி நம்மிடம் "முடியாது" என்றால், முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். வாசலிலிருந்து திரும்பிச் செல்லும் பண்பு நட்பிலும் வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். சுபஹுக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் என மூன்று நேரங்களில் வீட்டிலுள்ள சிறுவர்களும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது சூரத்துந் நூரின் 58ஆம் வசனம். ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களுக்கும் தனிமை உண்டு என்பதை இது உணர்த்தவில்லையா? எங்களை விசாரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. நேரே கேளுங்கள். நாங்கள் இல்லாத நேரத்தில் நாட்குறிப்பைப் புரட்டினால், நாங்கள் திருந்துவதைவிட மறைக்கத்தான் கற்றுக்கொள்வோம்.

ஆனால் தனிமை என்பது தவறை மூடும் திரையல்ல. "உம்மாவிடம் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால், புகைப்படம் அனுப்பும்படி வற்புறுத்தினால், அவர் ஏற்கனவே எல்லை மீறிவிட்டார். அன்றைக்கே உம்மாவிடம் சொல்லிவிடுங்கள். உம்மாமாரே, அந்த நேரத்தில் ஏசுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முழுவதையும் கேளுங்கள்.

நான் ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டாள். ஆனாலும் முன்புபோல் எனக்கு அவள் நீளமாக எழுதுவதில்லை. அவளுடைய நம்பிக்கைக்காக இப்போது நான்தான் வாசலில் காத்து நிற்கிறேன்.