முள்முடிக்குத் தண்டனை, உரமூட்டைக்கு?

“தேடு! குத்து! கொல்!” ஆஸ்திரேலியக் கடலடியில் நாள்தோறும் நிறைவேறும் தண்டனை இது. குற்றவாளி, முள்முடி நட்சத்திர மீன். மீனென்று பெயர்; மீனல்ல. கைகள் இருபத்தொன்று வரை. உடலெல்லாம் முள், முள்ளெல்லாம் நஞ்சு! வயிற்றையே வாய்வழியே வெளியில் தள்ளிப் பவளத்தின்மீது போர்த்தி, உயிர்ச்சதையைக் கரைத்து உறிஞ்சிவிடும். எஞ்சுவது வெறும் வெள்ளைக் கூடு. ஆண்டொன்றில் பத்துச் சதுர மீட்டர் வரை ஒன்றே தின்று தீர்க்குமாம்.

கொடுமைதான். மறுப்போமில்லை. பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1985 முதல் 2012 வரை பவளப்பரப்பு பாதியாகக் குறைந்தது. அந்த இழப்பில் நூற்றுக்கு 42 பங்கு முள்முடியின் கணக்கு, 48 புயலின் கணக்கு என்றது 2012-ல் வெளியான ஆய்வு. 2016 முதல் கடற்சூடும் அடுத்தடுத்துத் தாக்குகிறது.

ஆனால் தோழர்களே, இப்பிராணி நேற்று முளைத்ததா? இல்லை! பன்னெடுங்காலம் பவளத்தோடு வாழ்ந்ததுதான். தொகை குறைவாயிருந்தபோது அது செய்ததென்ன? விரைந்து வளர்ந்து இடத்தையெல்லாம் வளைத்துக்கொள்ளும் கிளைப்பவளத்தை மேய்ந்தது. மெல்ல வளரும் பவளத்துக்கு இடம் பிறந்தது. ஆதிக்கத்தை அடக்கிற்று என்றே சொல்லலாம். (நம் கட்சிக்காரர் என்று உறுப்பினர் சீட்டு நீட்டிவிடாதீர்கள்! கூட்டம் பெருத்தால் எதையும் விடாது.)

கூட்டம் பெருத்தது ஏன்? 1962-ல் கெய்ர்ன்ஸ் நகருக்கருகே கிரீன் தீவில் படைபடையாய்க் கிளம்பிற்று, பின்னும் மும்முறை. பெண் நட்சத்திரம் கோடிக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகளில் பெரும்பாலானவை மடிந்துபோகும். கரும்புத் தோட்டத்தில் கொட்டிய உரம் மழைநீரோடு ஆற்றிலிறங்கி, கடலில் கலந்து, நுண்பாசியைப் பெருக்குகிறது. பட்டினிக் குஞ்சுக்குப் பந்தி! இதுவே காரணம் என்கின்றனர் ஆய்வாளர் பலர். முள்முடியைத் தின்னும் டிரைட்டன் சங்கோ? அழகுப் பொருளென்று அள்ளி விற்றாயிற்று. அள்ளியது மீனா, மனிதனா?

ஊசி கூடாதென்று நாம் சொல்லவில்லை. இருக்கும் பவளம் பிழைக்க அது வேண்டும். முன்பு ஒவ்வொன்றுக்கும் பல ஊசி. இன்று மாட்டுப் பித்த உப்பு ஒரே ஊசியில் முடிக்கிறது. நஞ்சுமுள்ளருகே கைநீட்டி உழைப்பவன் முக்குளிப்பவன்.

உரத்தின் கதை வேறு. 2019-ல் குவீன்ஸ்லாந்து அரசு தோட்ட வடிநீருக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, கரும்பு விளைவிப்போர் அமைப்புகள் எதிர்த்தன. அவர்களில் குடும்பமாய் உழுபவர் பலர். கோடீசுவரர் என்று ஏசமாட்டோம். ஆயினும் கடலுக்கடியில் ஒவ்வொன்றாய்த் தேடிக் குத்திக்கொண்டிருக்கிறான் ஒருவன். மழை பிடித்ததும் ஆறு உரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது.