மெயிலில் வால் அறுபடும் லிங்க்

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்ட தகவலை 30 நாளுக்குள் தர வேண்டும். இதைச் சொல்வது 7-ஆம் பிரிவு. சட்டம் முழுவதையும் அனுப்பி, ‘உள்ளே தேடிப் பாருங்கள்’ என்றால் எந்த அலுவலர் தேடுவார்? அந்த வரியிலேயே போய் நிற்கும் லிங்க்கைத் திறக்கும் வசதி 2020-இல் குரோமில் வந்தது. சஃபாரி 2022-லும் ஃபயர்பாக்ஸ் 2024-லும் சேர்ந்துகொண்டன. குரோமில் வரியைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால் லிங்க் தயார். திறப்பவருக்கு அந்த வரி நிறம் பூசித் தெரியும்.

மெயில் டிராஃப்டில் ஒட்டிய பிறகுதான் வில்லங்கம். பக்கம் திறக்கிறது, வரியைக் காணோம். அனுப்பியவர் பிரவுசரைத் திட்டுகிறார், பெற்றவர் அனுப்பியவரைத் திட்டுகிறார். பெரும்பாலும் தவறு நடுவில் இருக்கும் மெயில் எடிட்டருடையது.

இந்த லிங்க்கின் வால் விசித்திரமானது: ஹேஷ், முக்காற்புள்ளி, அலைக்குறி, மீண்டும் முக்காற்புள்ளி, ‘டெக்ஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, அதன்பின் தேட வேண்டிய வரி. லிங்க் எங்கே முடிகிறது என்பதை எடிட்டர் ஊகிக்கத்தான் செய்கிறது. ஊகம் பிசகினால் வால் அறுந்துவிடும். வரிக்குள் வரும் காற்புள்ளியும் இணைப்புக்கோடும் சதவீதக் குறியீடாக மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிரவுசர் அவற்றைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

தமிழுக்கு அடி இன்னும் பலம். ‘தமிழ்’ என்ற ஒரு சொல் லிங்க்குக்குள் போனால் 45 குறிகளாக நீளும். மெயிலுக்கான விதியோ ஒரு வரிக்கு 78 குறிகள் போதும் என்று பரிந்துரைக்கிறது. இரண்டு சொற்களிலேயே அது தாண்டிவிடும். வடிவமைப்பில்லாத வெறும் உரையாக அனுப்பும்போது லிங்க் நடுவில் மடங்கி உடைவது அதனால்தான்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. லிங்க்கைப் புதிய டேபில் நேராக ஒட்டிப் பார்க்கலாம். அங்கேயும் வரி வரவில்லையென்றால், அந்தப் பக்கத்தில் வாசகத்தை மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம். அங்கே வந்தால் டிராஃப்டில்தான் கோளாறு. ஒட்டியதை அழித்துவிட்டு, லிங்க் செருகும் பட்டன் வழியாகச் சேர்த்து, முதலில் தன் முகவரிக்கே அனுப்பிச் சோதிப்பது நல்லது. டிராஃப்டுக்குள் கிளிக் செய்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வேவு பார்ப்பதைத் தடுக்க, பிரவுசர்கள் இந்த வசதிக்கு நிபந்தனைகள் வைத்திருக்கின்றன: பயனரே கிளிக் செய்திருக்க வேண்டும், திறந்துவிட்ட பக்கத்தோடு புதிய டேபுக்குத் தொடர்பு இருக்கக் கூடாது. எடிட்டர் லிங்க்கைத் திறக்கும் விதம் இதில் இடறலாம். (பிடிஎஃப் ஆவணங்களுக்கு இந்த வித்தையை நம்ப வேண்டாம், பக்க எண்ணே போதும்.)

முக்கியமான பிரவுசர்கள் எல்லாம் ஏற்றுக்கொண்ட ஒரு வசதியை மெயில் எடிட்டர்கள் இன்னும் சிதைப்பதற்குச் சாக்கு எதுவும் இல்லை. அவை திருந்தும்வரை, அனுப்புகிறவர்கள் அந்த வரியை மேற்கோளாக மெயிலிலேயே தட்டச்சு செய்து, அதன் கீழே லிங்க்கைக் கொடுத்துவிடட்டும்.