உயிர் காக்கப் பறக்கட்டும்



கல்யாண வீட்டுப் படப்பிடிப்பு முதல் வயலில் மருந்து தெளிப்பது வரை, ட்ரோன் இன்று நமக்குப் பழகிப்போன கருவி. அது கடந்து வந்த பாதையில் என் மனதை விட்டு அகலாத சில மைல்கற்களை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆளில்லா விமானத்தை வளர்த்தெடுத்தது போர்தான். 1918-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் குழுவினர் ‘பக்’ என்ற சிறிய மர விமானத்தை உருவாக்கினார்கள். இலக்கின் தூரத்தையும் காற்றின் வேகத்தையும் கணக்கிட்டு, இன்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். சுற்றுகள் முடிந்ததும் இன்ஜின் நிற்கும், இறக்கைகள் கழன்றுகொள்ளும், வெடிகுண்டோடு விமானம் கீழே விழும். அது களத்துக்குப் போகும் முன்பே முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. 1935-ல் பிரிட்டன் ரேடியோ மூலம் இயக்கிய ‘குயின் பீ’ விமானமோ, பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கென்றே பறந்தது.

இப்படி வளர்ந்த தொழில்நுட்பம் 2016-ல் ருவாண்டாவில் வேறொரு வேலையை ஏற்றது. மலைகள் நிறைந்த அந்த ஆப்பிரிக்க நாட்டில், பிரசவத்தில் உதிரப்போக்கு ஏற்பட்ட தாய்க்கு ரத்தம் கொண்டுவர, வளைந்து வளைந்து செல்லும் சாலையையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. ஜிப்லைன் நிறுவனம் முஹாங்காவில் ஒரு மையம் அமைத்தது. மருத்துவமனையிலிருந்து செய்தி வந்ததும் ரத்தப் பையை அட்டைப் பெட்டியில் வைத்து, கவண் போன்ற ஏவுதளத்திலிருந்து ட்ரோனைச் செலுத்துகிறார்கள். மருத்துவமனைக்கு மேலே வந்ததும் காகித பாராசூட்டோடு பெட்டி இறங்குகிறது. ட்ரோன் தரையைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. இந்தச் சேவையால் மருத்துவமனைகளில் ரத்தம் காலாவதியாகி வீணாவது 67 சதவீதம் குறைந்ததாக, ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் 2022-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கிரகத்தில் ‘இன்ஜெனியூட்டி’ என்ற ஆளில்லா ஹெலிகாப்டர் எழும்பியதையும் சொல்ல வேண்டும். அங்குள்ள காற்று பூமியின் காற்றில் சுமார் ஒரு சதவீத அடர்த்தி கொண்டது. அதில் 1.8 கிலோ எடையுள்ள அந்தக் கருவி 3 மீட்டர் உயரத்தில் 39 விநாடிகள் பறந்தது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது, 72 முறை பறந்தது. அதன் தலைமைப் பொறியாளராக இருந்த பாப் பலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதில் நமக்கும் பெருமை உண்டு.

இன்றும் போர்முனைகளில் ட்ரோன்கள் உயிர்களைப் பறித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதனாலேயே ருவாண்டாவை மிகப் பெரிய மைல்கல்லாக நான் மதிக்கிறேன். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்பதைவிட, யாருக்காகப் பறக்கிறது என்பதே முக்கியம்.

பொறியியல் படிக்கும் இளம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் ஆம்புலன்ஸ் எளிதில் போக முடியாத மலைக்கிராமம் எது, மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் ஊர் எது என்று முதலில் விசாரியுங்கள். அங்குள்ள செவிலியரிடம் பேசுங்கள். அந்தத் தேவையிலிருந்து உங்கள் ப்ராஜெக்ட்டைத் தொடங்குங்கள். தொடங்கியதும் எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்