படம் போட்டால் போதுமா? தாள் எங்கே?

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடத்துக்குப் படம் போட்டுக் காட்டுகிறார்களா? 'ஆமாம், ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறது, அதற்குத் தனி ஃபீஸே கட்டுகிறோம்' என்று பெருமையாகச் சொல்வீர்கள். சரி. படம் ஓடும்போது உங்கள் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? பேனா இருக்கிறதா? தாள் இருக்கிறதா? அந்தத் தாளில் கேள்வி இருக்கிறதா?

இல்லை என்றால் உங்கள் பிள்ளை அங்கே வரலாறு படிக்கவில்லை. டி.வி. பார்த்துவிட்டு வருகிறான். அதற்கு நீங்கள் ஃபீஸ் கட்டுகிறீர்கள்!

பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது என்ன? வரலாற்று ஆசிரியர் லீவு. வகுப்பில் சத்தம். உடனே ஒரு ஆவணப்படத்தைப் போட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிடுகிறார்கள். நாற்பது நிமிடத்தில் பெல் அடிக்கிறது. படம் பாதியில் நிற்கிறது. மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கிடையாது. வேறு சில பள்ளிகளில் ஒர்க் ஷீட் என்று ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது? 'காந்தியடிகள் பிறந்த ஆண்டு _____.' 'உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஆண்டு _____.' கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கு எதற்கய்யா படம்? பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கமே போதுமே!

படம் போட்டாலே மக்கள் வரலாறு கற்றுக்கொள்வார்கள் என்றால் இந்த நாடு எப்போதோ கற்றிருக்க வேண்டும். 1948-ல் மத்திய அரசு ஃபிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. எந்தத் தியேட்டராக இருந்தாலும் மெயின் படத்துக்கு முன்னால் அரசு தரும் செய்திப்படத்தைப் போட்டே ஆக வேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனை. எத்தனை அணைக்கட்டுகள், எத்தனை தலைவர்கள், எத்தனை அடிக்கல்கள்! நடந்தது என்ன? அந்தப் பத்து நிமிடமும் ஜனங்கள் வெளியே நின்று பீடி குடித்தார்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர்ப் பெரியவர்களைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். இன்று ஹாஜியாராக இருப்பவர்களிலும் சாட்சி சொல்லக்கூடியவர்கள் உண்டு! அந்த ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

வெட்டப்பட்ட அடிகள்

ஆவணப்படம் என்றால் உண்மை, சினிமா என்றால் பொய் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இது பெரிய தவறு.

நம் தமிழ்நாட்டுக்காரரையே எடுத்துக் கொள்ளுங்கள். கோட்டையூர் ஏ.கே.செட்டியார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. கண்டம் கண்டமாக அலைந்தார். யார் யாரோ எப்போதோ எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களையெல்லாம் தேடிப் பிடித்தார். சேர்ந்தது 50,000 அடி. 1940-ல் வெளியான படத்தின் நீளம் 12,000 அடி. அந்த மனிதரின் உழைப்புக்கு முன்னால் நாமெல்லாம் தூசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். 38,000 அடி எங்கே போனது? எதை வைப்பது, எதை விடுவது என்று யார் முடிவு செய்தார்? என்ன காரணத்துக்காக?

இது செட்டியார் மேல் சொல்லும் குற்றமல்ல. வெட்டாமல் படம் கிடையாது. வெள்ளைக்காரன் ஆட்சியில் இப்படி ஒரு படத்தை வெளியிட அவர் எதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை யோசிப்பான். அந்த யோசனைதான் வரலாற்றுப் பாடம். அந்தக் கேள்வியைத் தாங்கி நிற்கும் காகிதம்தான் பயிற்சித்தாள்.

இன்னொரு படத்தைக் கேளுங்கள். உடம்பு சிலிர்க்கும். 1942 மே மாதம். போலந்தில் வார்சா நகரத்து யூதச் சேரி. லட்சக்கணக்கான மனிதர்களைச் சுவர் கட்டி அடைத்துப் பட்டினி போட்டிருந்த இடம். அங்கே நாஜிகளின் கேமராக் குழு ஒன்று நுழைந்து சுமார் ஒரு மாதம் படம் எடுத்தது. ஜூலையில் அந்த மக்களை ரயிலேற்றி டிரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். படம் முடிக்கப்படாமலே நின்றுபோனது. போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனி ஆவணக் காப்பகத்தில் அதன் சுருள்கள் கிடைத்தன. குரலும் இல்லை, ஒலியும் இல்லை. வெறும் காட்சி. சேரியிலேயே சில யூதர்கள் நன்றாக உடுத்தி, விருந்து சாப்பிட்டு, தெருவில் கிடக்கும் பிணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போவதாக அதில் காட்சிகள். அந்தச் சுருள்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்துப் பல ஆவணப்படங்களில் சேர்த்துக் கொண்டார்கள். கண்ணால் கண்ட சாட்சி அல்லவா!

1998-ல் இன்னொரு சுருள் கிடைத்தது. அதில் என்ன இருந்தது தெரியுமா? ஒரே காட்சி திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டிருந்தது. பிணத்தைக் கடந்து நட, திரும்பி வா, மறுபடியும் நட என்று துப்பாக்கி முனையில் நடக்க வைத்திருக்கிறார்கள். ஃபிரேமின் ஓரத்தில் கேமராக்காரனே தெரிகிறான்! 2010-ல் யாயெல் ஹெர்சோன்ஸ்கி என்ற இஸ்ரேலியப் பெண் இயக்குநர் இதையெல்லாம் வைத்து 'எ ஃபிலிம் அன்ஃபினிஷ்ட்' என்ற படத்தை எடுத்தார். அந்தச் சேரியில் இருந்து உயிர் தப்பிய முதியவர்களை உட்கார வைத்து அந்தச் சுருளைப் போட்டுக் காட்டி அவர்களைப் பேச வைத்தார்.

அநியாயம் செய்தவனே அநியாயத்துக்கு ஆளானவனைப் படம் எடுக்கிறான். அந்தப் படமே வரலாறாகிப் போகிறது. சுருள் ஒன்று கூடுதலாகக் கிடைக்காமல் போயிருந்தால்? இந்த நாட்டில் நம்மைப் பற்றி யார் யாரோ எடுத்த படங்கள் ஓடுகின்றனவே, உங்களுக்குக் கவலையாக இல்லையா?

இது நமக்குப் புதிதா?

'ஹஜ்ரத், சினிமாவைப் பள்ளிக்குள் கொண்டு வரச் சொல்கிறீர்களா?' என்று சிலர் கேட்கிறார்கள். ஆட்டமும் பாட்டும் ஆபாசமும் வேண்டாம் என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 90-களில் பிரச்சாரக் கூட்டங்களை வீடியோ கேசட்டில் பதிந்து, தெருமுனையில் டி.வி.யை வைத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டியவர்கள் யார்? நாம்தானே! அப்போது ஆகுமான கருவி, பிள்ளையின் வகுப்பறைக்குள் போனதும் ஆகாததாகிவிட்டதா?

உண்மையைச் சொன்னால் இந்தப் பயிற்சித்தாள் விஷயத்தில் மதரஸாவில் ஓதியவர்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். ஹதீஸ் கலையில் நாம் படித்தது என்ன? ஒரு செய்தி வந்தால் முதலில் அறிவிப்பாளர் வரிசையைப் பார். இவர் யார்? யாரிடம் கேட்டார்? அவரை இவர் சந்தித்தாரா? நினைவாற்றல் எப்படி? இட்டுக்கட்டுபவர் என்று பெயர் எடுத்தவரா? செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வரிசையில் ஓட்டை இருந்தால் இமாம்கள் தள்ளி வைத்தார்கள். படத்துக்கும் அதே கேள்விதான். எடுத்தவர் யார்? பணம் கொடுத்தவர் யார்? சம்பவம் நடந்தபோது எடுத்ததா, பிறகு நடித்துக் காட்டியதா? பேசுகிறவர் நேரில் கண்டவரா, கேட்டதைச் சொல்பவரா?

வணிகப் பெருமக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. லாரியில் சரக்கு வந்தால் பில்லைப் பார்க்காமல் இறக்குவீர்களா? எடை போடாமல் கையெழுத்துப் போடுவீர்களா? உங்கள் பிள்ளையின் மூளையில் மட்டும் எவன் வேண்டுமானாலும் எந்தச் சரக்கையும் இறக்கிவிட்டுப் போகலாமா?

இன்று இது ஏன் அவசரம்? பாடப்புத்தகத்தில் கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தையே நீக்கியது. 2024-ல் வந்த அரசியல் அறிவியல் நூலில் பாபர் மஸ்ஜித் என்ற பெயர் போய் 'மூன்று குவிமாடக் கட்டடம்' ஆகிவிட்டது. கண்டனம் தெரிவித்தோம், தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் புத்தகத்தில் காலியான இடத்தை எது நிரப்புகிறது என்று பார்த்தீர்களா? படம் நிரப்புகிறது! 2023-ல் 'தி கேரளா ஸ்டோரி' வந்தது. 32,000 பெண்கள் என்று கூசாமல் விளம்பரம் செய்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் கேட்டபோது, அந்த எண்ணுக்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று படத்தின் தொடக்கத்திலேயே போடுவதாக ஒப்புக்கொண்டார்கள். இவ்வளவுக்கும் அது ஆவணப்படம் அல்ல, கதைப்படம். 32,000 என்ற எண்ணைக் கேட்டவுடனே 'யார் எண்ணியது?' என்று கேட்கப் பழகிய பிள்ளைகள் நாட்டில் நிறைந்திருந்தால் அந்த விளம்பரம் ஒரு வாரம் தாங்கியிருக்குமா?

அதே நேரத்தில் ஆனந்த் பட்வர்தன் எடுத்த 'ராம் கே நாம்' 1992-லேயே வந்துவிட்டது. அயோத்தியில் நீதிமன்றம் நியமித்த பூசாரி லால்தாஸ் அதில் கேமராவுக்கு முன்னால் அமர்ந்து, மதத்தின் பெயரால் நடக்கும் அரசியலைத் துணிச்சலாகக் கண்டிக்கிறார். 1993-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

நம் பக்கத்துப் படத்துக்கும் இதே தராசு

இளைஞர்களே, கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் நம் முன்னோர்களின் பெருமை என்று சுற்றி வரும் வீடியோக்களை நீங்கள் எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள்? அதில் ஒன்றையாவது விசாரித்தீர்களா? அவர்கள் பொய் சொன்னால் வரிசை கேட்பதும், நமக்கு இனிப்பாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதும் நீதியா? பாரத் ஏக் கோஜ் என்று 1988-ல் தூர்தர்ஷனில் ஷியாம் பெனகலின் 53 வாரத் தொடர் வந்தது. நல்ல தொடர்தான். அதில் அலாவுத்தீன் கில்ஜியும் ஓம் பூரி, ஔரங்கசீப்பும் ஓம் பூரி! ஔரங்கசீப் என்றதும் நம் ஆட்களின் கண்ணில் நிற்பது ஒரு நடிகரின் முகம். தாளில் இதையும் ஒரு கேள்வியாக வைக்கலாம்.

நம் வாசலிலேயே நடந்த ஒன்றை வைத்து ஒரு வகுப்பு நடத்திப் பாருங்கள். 1921 நவம்பர் 19, மலபாரில் இராணுவச் சட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். திரூரிலிருந்து பெல்லாரி சிறைக்கு அனுப்ப சுமார் நூறு கைதிகளைக் காற்று புகாத சரக்கு வேகனில் அடைத்தார்கள். பெரும்பாலோர் மாப்பிள்ளைமார், இந்துக்களும் சிலர் இருந்தார்கள். கோவையை அடுத்த போத்தனூரில் நள்ளிரவுக்கு மேல் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள். சிலர் பிறகு இறந்தார்கள். இறந்தவர் தொகையைச் சில நூல்கள் 64 என்கின்றன, சில 70 என்கின்றன.

அந்த இரவை யாரும் படம் எடுக்கவில்லை. ஆகவே வேகனுக்குள் மனிதர்கள் மூச்சுத் திணறுவதாக எந்தப் படத்தில் காட்டினாலும் அது பிறகு நடித்தது. பிள்ளை முதலில் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். தாளில் மூன்று பத்தி போடுங்கள். கண்டது, குரல் சொன்னது, அதற்குக் காட்டிய ஆதாரம். மூன்றாவது பத்தி எத்தனை இடத்தில் காலியாக இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 64-க்கும் 70-க்கும் ஏன் வித்தியாசம் என்று கேளுங்கள். 1971-ல் கேரள அரசு இந்தக் கிளர்ச்சியில் ஈடுபட்டவர்களை விடுதலைப் போராட்ட வீரர்களாக ஏற்றது. 2018-ல் திரூர் ரயில் நிலையச் சுவரில் இருந்த வேகன் துயர ஓவியம் அகற்றப்பட்டது. 2021-ல் ஆலி முஸ்லியார் உள்ளிட்ட 387 பேரைத் தியாகிகள் அகராதியிலிருந்து நீக்கலாம் என்று வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் குழு பரிந்துரைத்தது. ஒரே சம்பவம், ஐம்பது ஆண்டில் இரண்டு தீர்ப்பு. ஏன்?

அந்தக் கிளர்ச்சியில் இந்து ஜென்மிகள் தாக்கப்பட்டதும், கட்டாய மதமாற்றம் நடந்ததாக அன்றே புகார்கள் எழுந்ததும் தாளில் இருக்க வேண்டும். 'அதை ஏன் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்?' என்று ஒரு பள்ளி நிர்வாகி என்னிடம் கோபப்பட்டார். நாம் மறைத்தால் பிள்ளை அதை எதிரியின் வாயிலிருந்து கேட்பான். அன்று நாம் சொன்ன மற்றதெல்லாம் பொய் என்று முடிவு கட்டுவான். அது வேண்டுமா அவருக்கு?

இதற்கு என்ன செலவு? ஒரு தாளுக்கு ஒரு ஜெராக்ஸ். ஆண்டு விழாவில் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் செலவழிப்பதில் ஒரு துளி. ஆசிரியர் செய்ய வேண்டியதும் மலையளவு வேலை அல்ல. முழுப் படம் வேண்டாம், பத்துப் பன்னிரண்டு நிமிடத் துண்டு போதும். படம் தொடங்குவதற்கு முன்பே தாளைக் கொடுத்துவிட வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் கண் தேடும். ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு வெறும் காட்சியைப் போட வேண்டும், மறுமுறை ஒலியோடு. பின்னணி இசையும் குரலும் சேர்ந்ததும் அதே முகம் வில்லனாவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்துவார்கள். பிறகு அதே சம்பவத்தைப் பற்றிய ஒரு பக்க எழுத்தைக் கொடுத்து, படத்தோடு எங்கே இடிக்கிறது என்று எழுதச் சொல்ல வேண்டும். மதிப்பெண் சரியான விடைக்கு அல்ல, காட்டிய காரணத்துக்கு.

2022-ல் தமிழக அரசு அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் காட்டும் திட்டத்தைத் தொடங்கியது. வசதி குறைந்த அரசுப் பள்ளியில் முடிகிறது என்றால், குளிர்சாதன வகுப்பறை கட்டி வைத்திருக்கும் நம் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் ஏன் முடியாது?

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குத் தொழிலைக் காரணம் காட்டி மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களும் போங்கள். ரேங்க் கார்டைப் பார்த்து முடித்ததும் வரலாற்று ஆசிரியரைத் தேடிப் பிடித்து, இந்த ஆண்டு என்ன படம் போட்டீர்கள், அதற்குக் கொடுத்த தாளைக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். கோவைச் சகோதரர்களுக்கு ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. போத்தனூர் உங்கள் ஊர் ஸ்டேஷன். நவம்பர் 20-க்கு முன்னால் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். 1921-ல் இங்கே என்ன நடந்தது என்று சொல்லும் பலகை ஏதாவது கண்ணில் படுகிறதா என்று அவர்களையே தேடச் சொல்லி, கண்டதைத் தாளில் எழுதி வாங்குங்கள்.