பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி மீட்டரைப் பாருங்க

"வீட்டுக்கு ஒரு பெரிய பேட்டரி வெச்சுட்டா இ.பி. பில் பாதியாயிடும்" என்ற பேச்சு இப்போ விழுப்புரம், திண்டிவனம் பக்கமும் வந்துடுச்சு. கணக்கு போட்டுப் பார்த்தா, நம்ம ஊருக்கு அது இன்னும் பொருந்தாதுங்கிறது என் கருத்து.

12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரியில் அடங்குவது 1.8 யூனிட். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணினா ஆயுள் குறையும். அதனால் ஒரு தடவைக்குக் கையில் கிடைப்பது 0.9 யூனிட்தான். விலை 15,000 ரூபாய், 1,000 தடவை உழைக்கும்னு வெச்சுக்கங்க. சேமித்த ஒரு யூனிட்டுக்குப் பேட்டரிச் செலவு மட்டுமே 16 ரூபாயைத் தாண்டுது. சார்ஜ் ஏத்துற கரண்டுக்குக் காசு தனி. 2024 ஜூலை கட்டணப்படி, வீடுகளுக்கு உச்ச விலையே யூனிட்டுக்கு 11.80 ரூபாய்தான். லித்தியம் பேட்டரி ரொம்ப நாள் உழைக்கும். ஆனா முதலில் போடும் காசு அதிகம்.

ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் லாபம் வருதே என்று கேட்கலாம். அங்கே நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டங்கள் இருக்கு. மலிவான நேரத்தில் ஏத்தி, விலை ஏறும்போது பயன்படுத்தலாம். நம்ம வீடுகளுக்கு நடுராத்திரியும் சாயங்காலமும் ஒரே விலை. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு, சூரிய ஒளி நேரத்தில் விலை குறைந்தது 20% குறைய வேண்டும் என்று 2023 மத்திய விதித் திருத்தம் சொல்லுது. ஆனா தமிழ்நாட்டில் தி.நகரில்தான் ஒரு லட்சத்துக்கும் மேல் ஸ்மார்ட் மீட்டர் போட்டாங்க. மாநிலம் முழுக்கப் போடுவதற்கான டெண்டர், விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானது.

அப்போ பேட்டரியே வேண்டாமா? வேணும், கரண்ட் கட்டுக்கு. 2024 நவம்பர் 30 ராத்திரி கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் 51 செ.மீ. மழை பெய்தது. இங்கே பல ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. மாடியில் சோலார் இருந்தாலும் பேட்டரி இல்லைன்னா, லைன் போனதும் அதுவும் நின்னுடும். கம்பத்தில் வேலை பார்ப்பவர் உயிருக்காக அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. அந்த 0.9 யூனிட்டில் 75 வாட் ஃபேன் 12 மணி நேரம் ஓடும், 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் 30 மணி நேரம். அதனால் ரெண்டாவது பேட்டரிக்கு முன்னாடி ஃபேனை மாத்துங்க.

பில்லுக்கு மருந்து மீட்டரில் இருக்கு. ரெண்டு மாசத்தில் 500 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டினாலும் மானியத்தில் ஒரு பகுதி போயிடும். தாண்டினது பில் வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியுது. 2021 தேர்தலில் சொன்ன மாதாந்திரக் கணக்கெடுப்பு வந்திருந்தா இந்த அதிர்ச்சி குறைஞ்சிருக்கும். அரசு முதலில் தர வேண்டியது தினசரி அளவைக் காட்டும் மீட்டர். அதன் செலவைச் சின்ன வீடுகள் தலையில் கட்டவும் கூடாது.

அதுவரைக்கும், வீட்டுக்குப் போகும்போது மீட்டரில் இன்றைய ரீடிங்கைப் பார்த்து, அட்டையில் இருக்கும் கடைசி ரீடிங்கைக் கழிச்சுப் பாருங்க. 45-ஆம் நாளில் 400-ஐத் தொட்டிருந்தா, மீதி 15 நாள் ஏ.சி.யைக் கொஞ்சம் குறைச்சா போதும். அதுக்கு ஒரு பைசா செலவில்லை.