கோடே விழாவிட்டால் என்ன அர்த்தம்?

சகோதரிகளே, போன இதழில் நார்த்தங்காய் ஊறுகாய் பற்றி எழுதினேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். எங்க வீட்டில் நடந்ததை எழுதினால் உங்களில் ஒருத்திக்காவது உபயோகப்படும்.

என் தம்பி மகனுக்கு ஒடிசாவில், மல்கான்கிரி பக்கம், பாலம் கட்டுகிற வேலை. சுற்றிலும் மலையும் காடும்தான். தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு, தரங்கம்பாடிக்கு வந்தான். வந்த நாலாம் நாள் மத்தியானம் பல் கிட்டிப் போகிற மாதிரி நடுக்கம். இரண்டு கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. பிறகு அனலாகக் காய்ச்சல், அப்புறம் தலையணை நனைய வேர்வை. மறுநாள் எழுந்து உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டான். "மழைக் காய்ச்சல்தான் அத்தை, விட்டுடுச்சு" என்றான். நானும் நிலவேம்புக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடியும் நடுக்கம்!

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். வெயில் விழுகிற ஜன்னல் திட்டிலிருந்து ஒரு கார்டை எடுத்து, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்துவிட்டு, "ஒரு கோடும் விழலை, மலேரியா இல்லை" என்று காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. என் மகள் முழுகாமல் இருக்கிறாளா என்று வீட்டிலேயே கார்டில் பார்த்தோமே, அதில் ஒரு கோடு விழுந்தால் இல்லை, இரண்டு விழுந்தால் உண்டு. ஒன்றுமே விழாவிட்டால் கார்டு கெட்டுப்போச்சு என்றுதானே அர்த்தம்? மலேரியா கார்டும் அதே தினுசுதான். 'சி' என்ற எழுத்துக்கு நேரே ஒரு கோடு கட்டாயம் விழ வேண்டும். கார்டு ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அது விழாவிட்டால் வேறு கார்டில் மறுபடி பார்க்க வேண்டும். அதை நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். வைவாக்ஸ் மலேரியா. அப்புறம்தான் பையன் வாயைத் திறந்தான். இரண்டு மாசத்துக்கு முன்னால் வேலை செய்கிற இடத்தில் காய்ச்சல் வந்திருக்கிறது. அந்த ஊர் ஆஷா பெண், கிராமத்துச் சுகாதார வேலை பார்ப்பவள், கார்டில் பார்த்துக் கண்டுபிடித்து, 14 நாள் மாத்திரை கொடுத்தாளாம். "நாலு நாள்ல சரியாயிடுச்சு, விட்டுட்டேன் அத்தை" என்கிறான்! வைவாக்ஸ் கிருமி ஈரலில் போய்த் தூங்கிக்கொண்டிருந்து, பிறகு எழுந்து வரும். அந்தத் தூக்கத்திலேயே அழிக்கத்தான் 14 நாள் பிரைமாகுயின். ஈரலில் தூங்குகிற கிருமியை எந்தக் கார்டும் காட்டாது.

எங்க ஊர்க்காரிக்கு இது பழைய கதைதான். இங்கே கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1756ல் இங்கிருந்து போய்த்தான் நிக்கோபார் தீவுகளைத் தங்களுடையது என்றார்கள். காய்ச்சல் அவர்களைக் குடியிருக்க விடவில்லை. போவதும் சாவதும் திரும்புவதுமாக இருந்து, 1868ல் தீவுகளை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். எந்தக் காய்ச்சல், எதனால் என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் வழியில்லை. கொசுவின் வயிற்றில் இந்தக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897ல்தானே.

இன்றைக்கு மைக்ராஸ்கோப்பும் கரண்டும் இல்லாத மலைக் கிராமத்தில், ஆஷா பெண் கால் மணி, அரை மணியில் பதில் சொல்லிவிடுகிறாள். ஒடிசா அரசு 2017ல் 'தமன்' என்ற திட்டத்தில், எட்டாத கிராமங்களில் காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் சேர்த்தே கார்டு வைத்துப் பார்த்தது. கொசுவலையும் கொடுத்தார்கள், மருந்தும் அடித்தார்கள். 2016ல் நாலு லட்சத்துக்கு மேல் இருந்த மலேரியா, 2019ல் நாற்பதாயிரத்துக்குள் வந்துவிட்டது.

அப்படியானால் எல்லாக் கார்டும் ஒரே தரமா? இல்லை. அதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் 2008 முதல் 2018 வரை எட்டுச் சுற்றுகளாகக் கார்டுகளைச் சோதித்தது. கிருமி மிகக் குறைவாக உள்ள ரத்தத்தைக் கொடுத்து, எத்தனையைக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தார்கள். நல்ல ரத்தத்தைக் கொடுத்து, பொய்க்கோடு போடுகிறதா என்றும் பார்த்தார்கள். 45 டிகிரிச் சூட்டில் இரண்டு மாசம் வைத்திருந்து மறுபடியும் சோதித்தார்கள். மலைக்காட்டுக்குப் போகிற கார்டு குளிர்ப்பெட்டியிலா போகும்? மூட்டையிலும் சைக்கிளிலும்தானே போகிறது!

ஆகவே சகோதரிகளே, நாம் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

உறை பிரிக்காத கார்டா, தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.

எத்தனை நிமிஷத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறதோ அப்போதுதான் பார்க்க வேண்டும். மறந்துபோய் சாயங்காலம் பார்த்தால் அது கணக்கில்லை.

'சி' கோடு விழுந்ததா என்று நீங்களே எட்டிப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இல்லை என்று வந்தும் காய்ச்சல் திரும்பினால் ரத்தப் பூச்சுப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியூர் போய் வந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஃபால்சிபாரம் மலேரியா குணமான பிறகும் சில வாரம் கார்டில் கோடு விழும். அதைப் பார்த்துப் பயந்து, தானே மறுபடி மருந்து வாங்கிப் போடக் கூடாது.

பிரைமாகுயினை டாக்டர் சொல்லாமல் யாரும் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. சிலருக்கு அது ரத்த அணுக்களை உடைத்துவிடும். எங்க பையனுக்கும் அதற்கான ரத்தப் பரிசோதனை செய்த பிறகே கொடுத்தார்கள்.

வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அவன் குதித்தான். நான் விடவில்லை. தினக் காலண்டர் தாளில் மாத்திரையை ஒவ்வொன்றாக ஒட்டி வைத்து, காலைப் பலகாரம் ஆனதும் என் கண்ணெதிரே விழுங்க வைத்தேன். பதினாலாம் மாத்திரை உள்ளே போன மறுநாள்தான் ரயிலேறினான்.