பங்குனியில் வாருங்கள், இரண்டாம் கியரில் இறங்குங்கள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் சாலையில் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். மலையேறப் போகிற பையன்கள் காற்றுப் பிடிக்கவும், செயினுக்கு எண்ணெய் விடவும் நிற்பார்கள். நிற்கிற ஐந்து நிமிடத்தில் போனை நீட்டி ஒரு வரைபடத்தைக் காட்டுவார்கள். பொள்ளாச்சி, வால்பாறை, அதிரப்பள்ளி, மூணாறு, மறையூர், உடுமலை, திரும்பப் பொள்ளாச்சி. "ரெண்டு நாள்ல முடிச்சிரலாமுங்களாண்ணா?"

முடிக்கலாம். ரோடு இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, வயசும் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வரும். சமவெளியில் அது ஒரு நாள் ஓட்டம்தான். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை அறுபத்தைந்து கிலோமீட்டர் சுமார். அதற்கே பஸ் இரண்டரை, மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. வழியெல்லாம் தெரிந்த டிரைவருக்கே அந்த நேரம் வேண்டும் என்றால், முதல்முறை வருகிறவன் எதை நம்பி அதைக் குறைக்கப் பார்க்கிறான்? அப்படி ஓட்டி முடித்தவர்களைத் திரும்பி வரும்போதும் பார்க்கிறேன். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், முன்னால் போன லாரியின் பின்பக்கத்தைத்தான் சொல்வார்கள்.

மலைப்பயணத்துக்குத் திட்டம் என்றால் முதலில் எந்த வாரம் போவது என்று முடிவு செய்ய வேண்டும். அடுத்தது வண்டி. ஊர்களின் பட்டியல் கடைசியில்தான். பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

நான் சொல்லும் காலம் பங்குனி. மார்ச் நடுவில் தொடங்கி சித்திரை ஒன்றாம் தேதிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அதிலும் திங்கள் முதல் வியாழன் வரை. பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிற நேரம் என்பதால் குடும்பங்கள் கிளம்பாது. தமிழ்ப் புத்தாண்டு விடுமுறையில் ஆரம்பிக்கிற கூட்டம் மே கடைசி வரை ஓயாது. எனக்கு நல்ல வருமானம் அந்த மே மாதத்தில்தான். ஆனாலும் மே மாதம் பைக்கில் வராதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த இ-பாஸ் வந்துவிட்டதே என்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். 2025 ஏப்ரலில் வண்டி எண்ணிக்கைக்கே வரம்பு கட்டினார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் வந்திருக்கிறது. இதை நான் ஆதரிக்கிறவன். மலைக்குத் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு. ஆனால் வரம்புக்குள் வருகிற அத்தனை பேரும் ஒரே ஆறு வாரத்துக்குள் ஒரே சாலையில் ஏறினால் நெரிசல் எங்கே குறையும்? பாஸ் எடுப்பது சில நிமிட வேலை. தேதியை யோசித்து எடுப்பதுதான் வேலை.

பங்குனியில் வந்தால் கூட்டம் இல்லை என்பது மட்டும் லாபமில்லை. காப்பி பூக்கிற காலம் அது. கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் ஒன்பது, பத்து நாளில் காப்பிச் செடிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மூன்று, நான்கு நாள் இருக்கும், பிறகு பழுப்பாகி உதிர்ந்துவிடும். வண்டி ஓடும்போதே ஹெல்மெட்டுக்குள் அந்த வாசம் வரும். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அது கிடையாது. அதனால் நான் சொல்லும் திட்டம் இதுதான்: மலையில் மழை என்று செய்தி பார்த்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு அடுத்த வாரம் கிளம்புங்கள். வால்பாறையில் காப்பியைவிடத் தேயிலைதான் அதிகம். காப்பிப் பூவுக்காகவே வருகிறவர்கள் கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போகலாம். வத்தலக்குண்டிலிருந்து நேராகப் பெரிய சாலையைப் பிடிக்காமல் அய்யம்பாளையம் வழியாக ஏறினால் வழியெல்லாம் காப்பித் தோட்டம்தான்.

வால்பாறையில் வேறு கணக்கு. தேயிலைக்கு நிழலுக்காக வைத்த சில்வர் ஓக் மரங்களில் பொன்னிறப் பூ இருக்கும். இடையிடையே மிஞ்சியிருக்கிற சோலைக்காட்டில் நாங்கு மரம் தளிர் விட்டிருக்கும். அந்தத் தளிர் பச்சையாக இருக்காது, நல்ல சிவப்பு. முதன்முறை பார்க்கிறவர்கள் பூ என்றே நினைத்துக்கொள்வார்கள். இருவாச்சிப் பறவைக்கு அது அடைகாக்கும் காலம். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை வைத்து அடைத்துக்கொண்டிருக்கும், ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும். அது பறந்து போகிற சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்காது. ஆனால் இன்ஜினை நிறுத்தினால்தான் கேட்கும். சைலன்சரை மாற்றிக்கொண்டு வருகிற தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், லோம்ஸ் வியூ என்கிற இடத்தில், வரையாடு தடுப்புச் சுவரின் மேலேயே வந்து நிற்கும். நம் மாநில விலங்கு. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம் என்பதற்காக சிப்ஸ் பாக்கெட்டை நீட்டாதீர்கள். மூணாறையும் சேர்த்துப் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவை பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் 400 கிலோமீட்டர் சுற்றிப் போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்க்கலாம்.

பங்குனிக்கு இன்னொரு முகமும் உண்டு. மழை விழும்வரை புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சுற்றிக்கொண்டது. 23 பேர் இறந்தார்கள். வனத்துறை ஒரு பாதையை மூடியிருக்கிறது என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். சாலையோரம் நின்று சிகரெட் பற்றவைக்கிற பழக்கத்தை அடிவாரத்து ஆழியாறிலேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.

இனி வண்டிக்கு வருகிறேன். மலைக்கு 350 சிசி வேண்டும், 400 சிசி வேண்டும் என்பது விளம்பரம் சொல்லிக்கொடுத்தது. எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள் நூறு சிசி வண்டியில் மனைவி, பிள்ளை, அரிசி மூட்டையோடு ஏறுகிறார்கள். ஏறுவதில் சிக்கலே இல்லை. முதல் கியரில் முனகிக்கொண்டாவது எந்த வண்டியும் ஏறிவிடும். முன்பெல்லாம் உயரம் போகப் போகக் கார்புரேட்டர் வண்டி புகைவிட்டு மூச்சுத் திணறும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலை அதுவே குறைத்துக்கொள்கிறது.

சிக்கல் இறங்குவதில். பட்டறைக்கு வருகிற மலை வண்டிகளில் பெரும்பாலானவை ஒரே புகாரோடுதான் வரும்.

"அண்ணா, பிரேக்கே புடிக்க மாட்டேங்குதுங்ணா."

"எறங்கறப்ப எந்த கியர்ல வந்தீங்க தம்பி?"

"நியூட்ரல்லதானுங்ணா. பெட்ரோல் மிச்சமாகும்னு..."

பின்சக்கரத்தைக் கழற்றினால் டிரம்முக்குள்ளிருந்து கருகல் வாடை வரும். பிரேக் ஷூவின் மேல்பக்கம் தேய்ந்திருக்காது, சூட்டில் இறுகி மினுமினுத்துக்கொண்டிருக்கும்; விரலால் தடவினால் வழுக்கும். வழுக்குகிற ஷூ எதைப் பிடிக்கும்? டிஸ்க் பிரேக்கில் கதை வேறு. டிஸ்கில் நீலம் பாய்ந்திருக்கும். லீவரை அழுத்தினால் கைப்பிடி வரைக்கும் லொடக்கென்று உள்ளே போகும். பிரேக் ஆயில் நாள்பட நாள்பட ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; அந்த ஈரம் சூட்டில் கொதித்து ஆவியாகிறது. ஆயிலை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினால் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம். ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் நடுவே நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நாற்பதிலும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் இருபதாவதில் இது நடக்கும்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பழைய லாரி டிரைவர்கள் சொன்ன விதி இது. இதைவிட நல்ல விதி இன்றுவரை வரவில்லை. இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வளைவு வரும்போது மட்டும் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள், அது நியூட்ரலுக்குச் சமம். கியர் போட்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலை நிறுத்திவிடும். ஆகவே அந்த மிச்சக் கணக்கும் தப்பு. கியரில்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு குறைவு, சக்கரமும் சின்னது. இரண்டு பேரும் ஒரு பையுமாக ஸ்கூட்டரில் மலை இறங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். வந்துதான் ஆக வேண்டும் என்றால் பாதி வழியில் நின்று பிரேக்கை ஆறவிடுங்கள். சூடாக இருக்கிற டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துபோகும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், கிளம்புகிற அன்று காலையில் அல்ல, வண்டியை உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் விடுங்கள். டயர் கட்டை, பேடு கனம், பிரேக் ஆயில், கிளட்ச் கேபிள், செயின் தொய்வு. கேபிள் நுனியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் அவர் மாற்றிய பாகத்தில் கோளாறு இருந்தாலும் தெரிந்துவிடும். டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட் வைத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியில் டேங்க் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆழியாறுக்கு மேலே வால்பாறை வரை பங்க்கை எதிர்பார்க்க வேண்டாம்.

காலையில் ஏறுங்கள். கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். நாள்பட்ட தூசியில் விழுகிற முதல் மழை சாலையை வழவழப்பாக்கிவிடும். பஸ் எதிரே வந்தால் வளைவுக்குள் நுழையாமல் முன்னாலேயே ஒதுங்கி நில்லுங்கள், அதற்குத் திரும்ப முழு சாலையும் வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மரியாதை மட்டுமல்ல, சட்டம். புதுத்தோட்டம் வந்தால் வேகத்தைக் குறையுங்கள்: சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கிற இடம். மரத்துக்கு மரம் கயிற்றுப்பாலம் கட்டிவைத்திருக்கிறார்கள், ஆனாலும் அவை சில நேரம் கீழே இறங்கும். பொழுது சாய்வதற்குள் அறைக்குள் இருங்கள். எஸ்டேட் பக்கம் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் யானை நிற்கிறது என்று அர்த்தம். அதை நம்பித்தான் அங்கே குடியிருக்கிறவர்களே நடமாடுகிறார்கள்.

எங்கே போவது என்கிற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஒரு மலை, இரண்டு ராத்திரி. வால்பாறையில் தங்கி, ஒரு நாள் சோலையார் அணைப் பக்கம் போய்த் திரும்பினால் போதும். அதிரப்பள்ளி வரை இறங்க ஆசைப்படுகிறவர்கள் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி விடியலில் கிளம்ப வேண்டும். மளுக்கப்பாறை சோதனைச் சாவடியில் நேரம் கடந்தால் பைக்கை விடமாட்டார்கள், விடாததும் நியாயம்.

அரசிடமும் ஒன்று கேட்கிறேன். ஆழியாறு சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நல்லது. அதே நிறுத்தத்தில் டயர் வழுக்கையாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் என்ன? இறங்குகிற பக்கம், அட்டகட்டியில், பிரேக் ஆறுவதற்கு வண்டியை நிறுத்த ஓர் இடமும், கியரில் இறங்கச் சொல்லி எல்லாருக்கும் புரிகிற தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பெரிய பலகையும் வேண்டும். பெரிய செலவு பிடிக்கிற வேலை இல்லை இது.

பங்குனியில் லீவு கிடைக்காதவர்கள், மே மாதம்தான் வர முடியும் என்பவர்கள், பைக்கை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாள் முழுக்க பஸ் இருக்கிறது. ஜன்னல் சீட்டாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.